சிக்னலில் நின்றால் ஆடும் பழைய கார்: எப்போது ஆடுகிறது என்று பார்த்தே கோளாறைப் பிடிப்பது

அப்பா வேலூரில் ஓட்டிக்கொண்டிருந்த 2003 மாடல் மாருதி 800 இப்போது என்னோடு பெங்களூரு அல்சூரில் இருக்கிறது. (கர்நாடகத்துக்கு ரோடு டாக்ஸ் கட்டி கேஏ நம்பர் வாங்கிய கதையை இன்னொரு நாள் அழுதுகொள்கிறேன்.) ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாத வண்டி, சில்க் போர்டு சிக்னலில் நின்றால் மட்டும் சாமி வந்த மாதிரி ஆடும். முதல் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், திருப்புளியை எடுத்தார், ஐடில் ஸ்க்ரூவை (ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, அதாவது ஐடிலை, வைக்கும் திருகாணி) அரைச் சுற்று திருகினார், வண்டி ஜம்மென்று ஓடியது, 200 ரூபாய். நாலு நாளில் பழைய ஆட்டம் திரும்பி வந்தது, கூடவே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலும் வேகம் இறங்காத புதுத் தொந்தரவும். இரண்டாமவர் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றினார். கடைசியில் பார்த்தால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வெடித்திருந்த ஒரு சாண் வாக்யூம் ஹோஸ், அதாவது எஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் ரப்பர் குழாய். ஜேசி ரோட்டில் 40 ரூபாய்.

அதற்கப்புறம் நண்பர்கள் வண்டி ஏழெட்டைப் பார்த்துவிட்டேன், கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய கருவி) வைத்த ஜென்னில் இருந்து பழைய சான்ட்ரோ வரை. ஐடில் ஸ்க்ரூவைக் கடைசியாகத் தொடுங்கள், அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. அதற்கு முன்னால் ஒரு வாரம் வண்டியைக் கவனித்து எப்போது ஆடுகிறது என்று எழுதி வையுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா, ஏசி போட்டாலா, பிரேக் மிதித்தாலா, லைட் போட்டாலா? இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் எந்த மெக்கானிக்கும் உங்களைச் சுற்றலில் விட முடியாது.

கை வைக்கும் முன்

அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. வண்டியை வெளியே எடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், எஞ்சின் நின்றிருந்தாலும் சில வண்டிகளில் சுற்றும், அதனால் விரல், துண்டு, சட்டைக் கை எதுவும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்புறம், ஆடுவது எஞ்சினா வண்டியா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சத்தம் ஒரே சீராக இருக்கிறது, ஆனால் ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் நடுங்குகிறது என்றால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கிறது, இதற்கும் ஐடிலிங்குக்கும் சம்பந்தம் இல்லை. 800, பெரும்பாலான ஆல்டோ எல்லாம் மூன்று சிலிண்டர், பிறவியிலேயே கொஞ்சம் நடுங்கும். அதைச் சரிபண்ணப் போனால் காசுதான் போகும்.

உங்கள் வண்டிக்கு ஐடில் எவ்வளவு என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ பாருங்கள். இந்த மாதிரி சின்னக் கார்களில் பெரும்பாலும் 800, 900 ஆர்பிஎம் பக்கம் இருக்கும்.

கிளவ் பாக்ஸில் கிடக்கும் எமிஷன் சர்டிபிகேட்டையும் எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு யாரும் படிக்காத அந்தத் தாளில் ஐடிலிங்கில் எடுத்த கார்பன் மோனாக்சைடு சதவீதமும் ஹைட்ரோகார்பன் அளவும் அச்சாகி இருக்கும். மோனாக்சைடு எகிறியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது, அதாவது ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அல்லது காற்று அதிகம். ரீடிங் எடுக்காமலே பிரிண்ட் அடித்துக் கொடுக்கும் இடமும் உண்டு, அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஒழுங்காகப் புரோபை சைலன்சரில் விட்டுப் பார்க்கும் இடத்தில் ஒரு தடவை எடுத்துவிடுங்கள், இதைவிட மலிவான கேஸ் அனலைசர் கிடைக்காது.

ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது

எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வண்டி) இதுதான் அதிகம் வரும். யாரோ ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு அமுக்குகிற மாதிரி 800, 1500, 800, 1500 என்று ஊஞ்சல் ஆடும். காரணம் கிட்டத்தட்ட எப்போதும் காற்றுதான். ஆக்ஸிலேட்டரோடு திறந்து மூடும் காற்று வாசலான த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் எங்கேயோ ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகிறது, அதனால் வேகம் ஏறுகிறது, கால் எடுத்த நிலையில் வேகம் இவ்வளவு ஏறினால் வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று நினைத்து இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்துகிறது, வேகம் விழுகிறது, அணைந்துவிடுமோ என்று மறுபடி பெட்ரோல் விடுகிறது. இந்தச் சண்டை ஓட்டை அடைபடும் வரை நிற்காது.

ஓட்டையைத் தேடும்போது கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். மேனிஃபோல்டில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் வளைத்து, அடிப்பக்கம் தடவி, இரண்டு முனையிலும் அழுத்திப் பாருங்கள். பழைய ரப்பர் கல் மாதிரி இறுகியிருக்கும், முனையில்தான் வெடிக்கும். பயன்படாத குழாய்க்குப் போட்ட குட்டி ரப்பர் மூடி உதிர்ந்து போயிருப்பதும் சகஜம். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரேயர் போதும். எஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரமாகவும் த்ராட்டில் பாடி அடியிலும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்திலும் மெல்லிசாக அடியுங்கள், காயிலும் ஒயரும் இருக்கும் பக்கம் வேண்டாம். ஓட்டையில் தண்ணீர் பட்டதும் உஸ் சத்தம் மாறும், ஐடிலிங்கும் ஒரு நொடி மாறும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வேலை செய்யும்தான், ஆனால் சூடான சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்தில் எரியும் திரவத்தை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊதுவத்தி காட்டிப் பார்க்கிறேன் என்று ஒருவர் கிளம்பினார், பெட்ரோல் ஹோஸ் பக்கத்தில் நெருப்பா என்று கையைப் பிடித்துத் தடுத்தேன்.

ஹோஸ் எல்லாம் சரி என்றால் த்ராட்டில் பாடி. பிளேட்டின் ஓரத்தில் கறுப்புப் பசை மாதிரி கார்பன் சேர்ந்து காற்று போகும் இடுக்கை அடைத்திருக்கும், கூடவே ஐடில் கண்ட்ரோல் வால்வும் அழுக்கில் ஒட்டிக்கொள்ளும். கழற்றி, துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள், வால்வின் மோட்டார் பக்கம் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். மாட்டியபின் பேட்டரி நெகட்டிவைப் பத்துப் பதினைந்து நிமிடம் கழற்றி வைத்து, பிறகு ஏசி, லைட் எதையும் போடாமல் எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டால் பல வண்டிகளில் இசியு புது ஐடிலைக் கற்றுக்கொள்ளும். சுத்தம் செய்த அன்று கொஞ்சம் ஏறி நின்றால் பயப்பட வேண்டாம்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் மாறுகிறது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். பிரேக் பூஸ்டர் எஞ்சினின் வாக்யூமில்தான் வேலை செய்கிறது. உள்ளே டயஃப்ரம் கிழிந்தாலோ ஹோஸ் வெடித்தாலோ மிதிக்கும்போதெல்லாம் எஞ்சினுக்குள் காற்று புகுந்து ஐடிலிங் குலையும். எஞ்சினை அணைத்து, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துக் காலியாக்கி, மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை, அல்லது மிதித்துப் பிடித்திருக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வருகிறது என்றால் வண்டியை அன்றே கொண்டுபோய் விடுங்கள்.

காலையில் மட்டும் தகராறு

டிசம்பர் காலையில் இங்கே 15 டிகிரிக்குப் போகும், சென்னைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது. கார்புரேட்டர் வண்டியில், குளிரில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கின் ஒயர் முழுதாக இழுக்கிறதா, சோக் பிளேட் உண்மையாகவே மூடுகிறதா என்று ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே குமிழ் நகர்ந்து, வெளியே பிளேட் அசையாத வண்டி நிறைய உண்டு.

எம்பிஎஃப்ஐயில் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். எஞ்சின் குளிராக இருக்கிறதா சூடாக இருக்கிறதா என்று இசியுவுக்குச் சொல்வது இதுதான், இது தப்பாகச் சொன்னால் பெட்ரோல் கணக்கு மொத்தமும் தப்பு. கழற்றி மல்டிமீட்டரில் பார்க்கலாம்: ஜப்பான் வழி வண்டிகளில் பொதுவாக 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம்ஸ், 80 டிகிரி வெந்நீரில் 300 ஓம்ஸ் பக்கம் காட்டும். டம்ளரில் வெந்நீர் ஊற்றி முக்கிப் பார்த்தால் அளவு சீராகக் குறைய வேண்டும், நடுவில் குதித்தால் சென்சார் காலி.

இன்னொன்று நம் ஊர்ப் பழக்கம். வண்டி ஒரு தடவை சூடேறியதும், எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கடாசிவிட்டு, இனிமேல் ஹீட் ஆகாது சார் என்று சொல்லி அனுப்புவார்கள். ஹீட் ஆகாது, உண்மைதான். எஞ்சின் சூடே ஆகாமல் நாள் முழுக்கக் காலை நேர ஐடிலிலேயே ஓடும், மைலேஜ் போகும், பிளக் கறுக்கும். பத்து நிமிடம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். என் வண்டியில் இல்லை.

சீராக மிஸ்ஸிங் அடிக்கிறது

புட், புட், புட், தவறாமல் ஒரே தாளத்தில் ஒரு அடி விடுகிறது. சைலன்சர் முனையில் ஒரு தாளை லேசாகப் பிடித்தால் தெரியும். இது காற்று இல்லை, ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் வண்டி மொத்தமும் குலுங்கும், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எந்த சிலிண்டர் என்று பார்க்க, ஓடும் வண்டியில் பிளக் ஒயரைக் கையால் உருவும் பழைய வித்தை வேண்டாம். ஷாக் அடிக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷனும் கெட்டுப்போகலாம். எம்பிஎஃப்ஐ என்றால் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றினாலும் ஆட்டம் கூடும், எதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லையோ அதுதான் படுத்த சிலிண்டர். கார்புரேட்டர் வண்டியில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு ஒயரைக் கழற்றி, அதன் முனையில் பழைய பிளக் மாட்டி எர்த்தில் (எஞ்சின் உலோகத்தில்) உட்கார வைத்து, பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். மெதுவான வேலை, ஆனால் பத்திரம்.

ஆளைப் பிடித்தாயிற்றா, இப்போது அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக். போகாவிட்டால் ஒயரை மாற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டரை. ஒரு புதுச் சாமானும் வாங்காமல் பாதி பரீட்சை முடிந்துவிடும். ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள், கரண்ட் கசிந்தால் நீலமாகப் பொறி ஓடும். மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்குள் ஈரமோ, தலைமுடி மாதிரி ஒரு விரிசலோ இருக்கும்.

எல்லாம் மாற்றியும் அதே சிலிண்டர் என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. இங்கே எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம்தான் முக்கியம், ஒன்று மட்டும் மற்றதைவிடப் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தேகப்படுங்கள். அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பிரித்து வேலை பார்க்க ஒத்துக்கொள்வதற்கு முன் டேப்பட் கிளியரன்ஸை (வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக எல்பிஜி கிட் போட்ட வண்டியில். கேஸில் ஓடும்போது வால்வு சீட் சீக்கிரம் தேய்ந்து கிளியரன்ஸ் குறையும், சூடானதும் வால்வு முழுதாக மூடாது, காலையில் நல்லா இருந்த வண்டி மத்தியானம் ஆடும். டேப்பட் செட்டிங் அரை நாள் வேலை, ஹெட் இறக்குவது வேறு கணக்கு.

ஏசி போட்டால், லைட் போட்டால் விழுகிறது

ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும் அந்த நொடியில் லேசாக இறங்கி உடனே பழைய வேகத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால், ஏசி சுமைக்கு வேகத்தைக் கூட்டும் ஐடில் அப் வேலை செய்யவில்லை. கார்புரேட்டர் வண்டியில் அது ஒரு சின்ன வாக்யூம் ஆக்சுவேட்டர், அதன் ஹோஸையும் சோலினாய்டையும் பாருங்கள். எம்பிஎஃப்ஐயில் மேலே சொன்ன அழுக்கு வால்வுதான் பெரும்பாலும்.

லைட் போட்டால் விழுகிறது என்றால் நான் நேராக எர்த் ஒயருக்குப் போவேன். பேட்டரியில் இருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் அந்தப் பட்டை இருபது வருஷத்தில் பச்சைப் பூஞ்சை பிடித்து உள்ளே அரித்திருக்கும். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை, கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். அப்படியே பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே பாருங்கள், 13.8 முதல் 14.4 வோல்ட் இருந்தால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்ல முடியாது.

காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது, அமுக்கினால் நன்றாக ஓடுகிறது

கார்புரேட்டர் வண்டிக்கே உரிய நோய். ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் குட்டித் துளையான ஐடில் ஜெட்டில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது சாவி போட்டதும் அந்த வழியைத் திறக்கும் ஐடில் கட் சோலினாய்டுக்கு கரண்ட் வரவில்லை. சாவியை ஆன் செய்யும்போது கார்புரேட்டரில் டக் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் அந்த ஒற்றை ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சிவாஜி நகரில் ஒரு பாய் இதைக் காட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு மட்டும் அணைகிறது, அரை மணி ஆறவிட்டால் ஓடுகிறது என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கிறது. பெட்ரோல் ஹோஸ் எஞ்சினை ஒட்டிப் போகிறதா, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த இன்சுலேட்டர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். எம்பிஎஃப்ஐயில் இதே அறிகுறி வந்தால் சூட்டில் படுக்கும் கிராங்க் அல்லது கேம் சென்சார், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் என்று போக வேண்டும்.

ஊர் மாறினால் மாறும் கணக்கு

பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. எம்பிஎஃப்ஐ வண்டி சென்சார் வழியாக இதைத் தெரிந்துகொண்டு பெட்ரோலைக் குறைக்கும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. வேலூரில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே கொஞ்சம் அதிகப் பெட்ரோல் குடிக்கும், இங்கே டியூன் செய்தது பொங்கலுக்குக் கிருஷ்ணகிரி இறங்கும்போதே கொஞ்சம் காய்ந்து ஓடும். வண்டியில் கோளாறு இல்லை.

வாக்யூம் கேஜ் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கடலோரத்தில் நல்ல எஞ்சின் ஐடிலில் 18 முதல் 21 அங்குலம் (பாதரசக் கணக்கில்) காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் கழியும் என்பதால் இங்கே 15, 16 காட்டினால் அது ஆரோக்கியம். 15 என்றால் டைமிங் போச்சு என்று வீடியோவில் சொல்வதைக் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவிடாதீர்கள். முள் நிலையாக நிற்கிறதா என்பதைப் பாருங்கள். ஒரே தாளத்தில் விழுந்து எழுந்தால் வால்வு அல்லது ஒரு சிலிண்டர், மெதுவாக மேலும் கீழும் மிதந்தால் மிக்சர், அதாவது காற்று பெட்ரோல் கலவை.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்த ஊரில் வைத்துத்தான் அறிமுகமானது, இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுவே. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் ஒரு கிலோ எரிய வேண்டிய காற்றின் கணக்கு சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 கிலோ என்றால் இதற்கு 13.5 பக்கம். பழைய ஜெட் அளவில் ஓடும் கார்புரேட்டரில் மிக்சர் மெலிந்து ஐடிலிங் தடுமாறலாம். உயரம் அதிகமாக்குகிறது, எத்தனால் குறைக்கிறது, இங்கே இரண்டும் ஓரளவு கழிந்துபோகும் என்று நானும் கணக்குப் போட்டேன், ஆனால் ரப்பருக்கு அந்தக் கணக்கு தெரியாது. பழைய பெட்ரோல் ஹோஸ் உப்பி, மெத்தென்று ஆகி, துகள் உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

செக் எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் 2010-க்கு முந்தைய வண்டிகளில் ஆன்லைனில் வாங்கும் மலிவு புளூடூத் ஸ்கேனர் பல நேரம் பேசவே பேசாது. அந்தக் கம்பெனி டூல் வைத்திருப்பவரிடம் போக வேண்டும், அல்லது மேனுவலில் சொன்னபடி டயக்னாஸ்டிக் கனெக்டரை ஷார்ட் செய்து லைட் எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ண வேண்டும்.

கடைசியாக அந்த ஸ்க்ரூ

இவ்வளவும் பார்த்த பிறகும் ஐடில் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருந்தால் இப்போது தொடலாம், அதுவும் கார்புரேட்டர் வண்டியில். ஏன் கடைசி என்றால், ஸ்பீட் ஸ்க்ரூவை (ஐடில் ஸ்க்ரூ இதுதான்) திருகித் திருகி த்ராட்டிலை அதிகம் திறந்துவிட்டால், ஐடிலுக்கு மேல் வேலை செய்ய வேண்டிய பெட்ரோல் துளைகள் திறந்துகொள்ளும். அப்புறம் மிக்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் எஞ்சின் கண்டுகொள்ளாது. மிக்சர் ஸ்க்ரூவுக்கு உங்கள் வண்டி பதில் சொல்லவில்லை என்றால் ஏற்கெனவே யாரோ இதைச் செய்திருக்கிறார்கள், அல்லது காற்று புகும் ஓட்டை இன்னும் இருக்கிறது. எம்பிஎஃப்ஐயில் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூ கம்பெனியில் செட் செய்து பெயின்ட் அடித்து விட்டது. அதைத் திருப்பினால் த்ராட்டில் மூடியிருக்கிறது என்ற தகவலே இசியுவுக்குத் தப்பாகப் போகலாம். அந்தப் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள், என் வண்டியில் முதல் மெக்கானிக்கின் அரைச் சுற்று அங்கேதான் இருந்தது.

கார்புரேட்டரில் எஞ்சின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை சுற்றி நின்ற பிறகு, ஏசி, லைட், எல்லாம் ஆஃப், ஏர் ஃபில்டர் மாட்டிய நிலையில் ஆரம்பியுங்கள். திருப்புளி வைக்கும் முன் ஸ்க்ரூ தலையில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு, எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மிக்சரைத் திருப்பி எஞ்சின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைப் பிடியுங்கள், பிறகு ஸ்பீட் ஸ்க்ரூவால் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணுக்கு இறக்குங்கள், மறுபடி மிக்சர், மறுபடி ஸ்பீட். இரண்டு மூன்று சுற்றில் அமைந்துவிடும். முடித்ததும் நேராக எமிஷன் டெஸ்ட்டுக்குப் போய் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாருங்கள், பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு 3 சதவீதம் வரை, பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம் வரை.